அபராதம் கட்டிய பின்னும் முடியாத வழக்கு

வெடிமருந்தைத் தொட யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்னும் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தில் 1978-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 6-ஏ பிரிவு, வன்செயலோ ஒழுக்கக்கேடோ சார்ந்த குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், அத்தண்டனை முடிந்து ஐந்து வருஷங்கள் கழியும்வரை வெடிபொருளைத் தயாரிக்கவோ, விற்கவோ, ஏற்றிச் செல்லவோ, வைத்திருக்கவோ கூடாது என்று விதிக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களும், 2024 பிப்ரவரி 17 அன்று ராமுதேவன்பட்டியில் பத்து உயிர்களும் பட்டாசு ஆலை விபத்துகளில் மாய்ந்ததைக் கண்ட வெம்பக்கோட்டை வட்டாரத்து ஜனங்களுக்கு, வெடிமருந்து எத்தகைய வஸ்து என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய வஸ்துவைப் பற்றிய சட்டமே, மனிதனை விலக்கி வைப்பதற்கு இரண்டு நிபந்தனைகளைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டிருக்கிறது: குற்றத்துக்கு ஒரு கனம் இருக்க வேண்டும், விலக்குக்கு ஒரு காலவரம்பு இருக்க வேண்டும்.

இந்த இரண்டு நிபந்தனைகளும், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒரு முறை வழக்கில் சிக்கிய இளைஞன் பின்னாளில் வேலை தேடும்போது அவனுக்குக் கிடைப்பதில்லை என்பதே நான் எடுத்துச் சொல்ல விரும்பும் விஷயம்.

முதலில் குற்றத்தின் தன்மையைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்குக் கிஞ்சித்தும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 17,884 பேர் இறந்தனர். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை வழியாகக் கழுகுமலைக்குச் செல்லும் சாலையிலும், சாத்தூரிலிருந்து வரும் சாலையிலும், விடியற்காலையில் ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்களும், சைக்கிளிலும் கால்நடையாகவும் போகும் பெண்களும், பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிய லாரிகளும் ஒன்றாகச் செல்கின்றன. அந்தச் சாலையில் போதையோடு ஒருவன் வண்டியை எடுப்பது, தன் உயிரோடு பிறர் உயிரையும் பணயமாக வைக்கும் பாதகச் செயல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தாலே குற்றம் என்கிறது. முன்பு இரண்டாயிரம் ரூபாயாக இருந்த அபராதம், 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பத்தாயிரமாக உயர்ந்தது. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை, மறு முறைக்கு இரண்டு வருஷம் வரை சிறையும் உண்டு. ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது ஆறு மாதத்துக்குப் பறிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இத்தண்டனைகள் எதையும் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது, சட்டம் விதித்த தண்டனை முடிந்த பிறகு, யாரும் விதிக்காமலே தொடங்கும் தண்டனையைப் பற்றி.

தலைக்கவசம் போடாமல் போனவனுக்கும், ஊதச் சொல்லிச் சோதித்ததில் சிக்கியவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊர் வாலிபர்கள் அறிவதில்லை. முன்னவன் சாலையிலேயே தொகையைச் செலுத்தி விஷயத்தை முடித்துக்கொள்ளலாம். பின்னவனுடைய குற்றமோ அவ்வாறு சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் வரிசையில் இல்லை; அது குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தவன், "ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுபோச்சு" என்று வீட்டில் சொல்கிறான்; தாயும் தந்தையும் அதை நம்புகிறார்கள். உண்மையில் அன்று முடிந்தது விசாரணை மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு ஒன்று அவன் பெயரில் எழுதப்பட்டு, அது காவல் நிலையத்துப் பதிவேட்டில் அவனுக்காகக் காத்திருக்கிறது.

ஒப்புக்கொள்ளாமல் வழக்கை நடத்தினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் இந்த ஏற்பாட்டின் விசித்திரமான கொடுமை இருக்கிறது. வளைகுடா நாட்டுக்கு ஓட்டுநர் வேலைக்குப் போகக் காத்திருக்கும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் ஆறாவது பிரிவு, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவனுக்குத்தான், அதுவும் ஐந்து வருஷ காலத்துக்குத்தான், பாஸ்போர்ட்டை மறுக்கிறது. ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதென்றால், அந்த வழக்கு எவ்வளவு சிறியதானாலும், அதே பிரிவு அவனைத் தடுத்து நிறுத்துகிறது; நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவைப் பெற்று வந்தால்தான் 1993-ஆம் வருஷத்து அறிவிக்கையின்படி வழி திறக்கும். ஆகவே, தன் மேல் தவறில்லை என்று உறுதியாக நம்பிச் சோதனைக் கருவியின் கணக்கை எதிர்த்து வாதாட நினைப்பவனும், மாதக் கணக்கில், சில வேளை வருஷக் கணக்கில் வழக்கு இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவதே விவேகம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். வெளிநாடு போகிறவனுக்கு அது உதவவும் செய்யலாம். அவன் தம்பி காவலர் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்து, அண்ணனுக்குச் சொன்ன அதே யோசனையை அவனுக்கும் சொன்னால், அது அவன் எதிர்காலத்தையே அடைத்துவிடும்.

காவலர் பணிக்கான தமிழ்நாட்டு விதிகள் அத்தகையவை. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவன் அப்பணிக்குத் தகுதியற்றவன் என்பது மட்டுமல்ல. சந்தேகத்தின் பலனால் விடுதலை பெற்றவனையும், புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சியானதால் விடுதலை பெற்றவனையும்கூடச் சம்பந்தப்பட்டவனாகவே கருத வேண்டும் என்று விதியின் விளக்கவுரை சொல்கிறது. 2008-ஆம் வருஷம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அவ்விதியை ஏற்றுக்கொண்டது. விடுதலை பெற்றவன் கதியே இதுவென்றால், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்து, விடியற்காலையில் கண்மாய்க் கரையில் அவன் ஓட்டப் பயிற்சி செய்வதைப் பார்த்து மகிழ்ந்த குடும்பத்துக்குச் சீருடைப் பணி வெறும் சம்பளம் மட்டுமா? மருந்து நெடி இல்லாத ஒரு ஜீவனத்துக்கு அந்தக் குடும்பம் போட்டு வைத்திருக்கும் ஒரே பாதை அது.

சீருடைப் பணி வேண்டாம், ஆலை வாசலில் காவலாளாக நிற்கிறேன் என்று அவன் இறங்கி வந்தால் அங்கும் ஒரு தடை நிற்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை முறைப்படுத்தும் 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, தகுதியுள்ள நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரைப் பாதுகாவலராக அமர்த்தக் கூடாது என்கிறது. எந்தக் குற்றம், எவ்வளவு தண்டனை, எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்ற அளவுகோல் எதையும் அந்தச் சொற்கள் வெளிப்படையாகத் தரவில்லை. எழுத்துக்கு எழுத்து படித்தால், ஒரு நாள் இரவு ஊதிச் சிக்கிப் பத்தாயிரம் கட்டியவன், மருந்து ஏற்றிய லாரியோடு செல்வதை 6-ஏ பிரிவு தடுக்காது. அந்த லாரி வெளியேறும் வாசலில் கம்பு பிடித்து நிற்பதற்கு மட்டும் அவன் ஆயுள் பரியந்தம் தகுதியற்றவன். இந்த இரண்டு பிரிவுகளையும் இயற்றியது ஒரே பாராளுமன்றம். வெடிபொருளுக்குக் காட்டிய நிதானத்தை வாயிற்காவலுக்குக் காட்டாமல் போனதற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

இந்தச் சங்கடத்தை உச்ச நீதிமன்றம் அறியாமல் இல்லை. ஹரியானாவில் அரசுப் பணியாளர் ஒருவர், எப்போதோ ஒரு சிறு வழக்கில் ஒப்புக்கொண்டு இருபது ரூபாய் அபராதம் கட்டிய காரணத்தால் வேலையிழந்து முறையிட்டபோது, 1996-இல் அந்நீதிமன்றம் அவருக்கு வேலையை மீட்டுக் கொடுத்ததோடு நிற்கவில்லை. போக்குவரத்துக் குற்றம், நகராட்சிக் குற்றம் முதலிய அற்ப வழக்குகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சிறு தொகை கட்டி ஒப்புக்கொண்டுவிட்டு வாழ்க்கையையே இழக்கும் கொடுமையை எடுத்துக் காட்டி, சுமார் இரண்டாயிரம் ரூபாய் வரையிலான அபராதத்தை, குறிப்பாக அரசுப் பணியைப் பொறுத்தவரை, தண்டனையாகவே கருதக் கூடாது என்று சட்டம் செய்யும்படி பாராளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. அன்று 185-ஆவது பிரிவின் முதல் முறை அபராதமும் இரண்டாயிரம்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைச் செய்யவில்லை; 2019-இல் செய்தது அபராதத்தை ஐந்து மடங்காக்கியதுதான்.

அபராதம் உயர்ந்தது சரியே. குடிபோதையில் வண்டி ஓட்டுவதை அற்பக் குற்றம் என்று நானும் ஒப்பமாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் கும்ப மேளா பணிக்காக ஆயுதக் காவல் படையினரை ஏற்றிச் சென்ற லாரியைக் குடித்துவிட்டு ஓட்டி ஜீப்பில் மோதிய ஓட்டுநருடைய வழக்கில், பெரிய சேதம் நேரவில்லை என்பது அதிர்ஷ்டமே அன்றிச் சலுகைக்குக் காரணமாகாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2022-இல் வெளியிட்டது. அவருடைய நெடுநாள் சேவையை எண்ணி, பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மட்டுமே மாற்றியது. அந்தக் கண்டிப்பு நியாயமானது. ஏனெனில் அவர் வேலையே வண்டி ஓட்டுவது, குற்றமும் அந்த வேலையிலேயே நேர்ந்தது. பட்டாசு லாரி ஓட்ட ஒருவனை அமர்த்தும் முதலாளி, அவன் பழைய ஓட்டுநர் வரலாற்றைத் துருவிக் கேட்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேட்காமல் விடுவதுதான் தவறு. ஆனால் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும், அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவனுக்கும், பத்து வருஷத்துக்கு முந்தைய ஓர் இரவின் பதிவைக் காட்டிக் கதவைச் சாத்துவதில் யாருடைய உயிர் காப்பாற்றப்படுகிறது?

வேறு தேசங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. இங்கிலாந்து 1974-ஆம் வருஷமே ஒரு சட்டம் செய்து, குறித்த காலம் கழிந்த தண்டனையைப் பெரும்பாலான வேலைகளுக்கு இல்லாததாகவே கருதும் முறையைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் செய்த குற்றத்தால் பொதுவாக அவருக்குப் பின்னாளில் தகுதிக்குறைவு நேரக் கூடாது என்று 2015-ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு காப்பளிக்கிறது. பதினெட்டு நிறைந்த மறுநாளே அந்தக் கருணை முழுவதும் வற்றிப் போய்விடுகிறது.

அரசுக்கு இதில் ஒரு பிரத்தியேகமான பொறுப்பும் உண்டு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கழகத்தின் கையில் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை மூடும்படி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேதான். வாரச் சம்பளம் கைக்கு வரும் மாலையில், பஸ் அரிதான கிராமங்களுக்குத் திரும்ப இருசக்கர வாகனத்தை விட்டால் கதியில்லாத தொழிலாளிக்கு மதுவை விற்பவரும், அவனைச் சாலையில் மறித்துச் சோதிப்பவரும், அவன் நன்னடத்தையைப் பின்னாளில் எடைபோட்டுச் சான்று எழுதுபவரும் ஒரே அரசின் ஊழியர்கள். விற்றதனால் குடித்தவன் பொறுப்பு நீங்கிவிடாது. ஆனால் தண்டனைக்கு எல்லை வகுக்கும் கடமையை அந்த அரசு தட்டிக் கழிக்க முடியாது. காவலர் பணி விதி மாநில அரசு தானே செய்த விதி. அதைத் திருத்த டில்லியின் தயவு வேண்டாம். யாருக்கும் காயமில்லாத முதல் முறைக் குற்றத்தில், அபராதத்தோடு முடிந்த வழக்கை, ஐந்து வருஷம் மறுபடியும் பிசகாமல் இருந்தவனுக்கு எதிராகக் கொள்ளலாகாது என்று ஒரு விளக்கவுரை சேர்த்தால் போதும்.

விதி மாறும்வரை வாலிபர்கள் அறிந்திருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் வழக்கு உண்டா, கைது உண்டா, அபராதம் உண்டா என்று கேட்கும் இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதுதான் பல பேரை வீழ்த்துகிறது. 2016 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இதை விரிவாக ஆராய்ந்தது: சிறு குற்றத்தை மறைத்ததை வேலை கொடுப்பவர் தம் விவேகத்தின்படி மன்னிக்கலாம், மன்னித்தே ஆக வேண்டும் என்பதில்லை. உண்மையை எழுதினவனையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனாலும் மறைத்தவனுடைய குற்றம் இரண்டாகிறது. சொன்னவனுக்கு வாதாட ஓர் இடம் மிஞ்சுகிறது. நடுவர் முன் நிற்பதற்கு முன்னால், அந்தந்த நீதிமன்றத்தைச் சார்ந்து இயங்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் இலவசமாக ஒரு வழக்கறிஞரின் யோசனை கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தன் கைப்பட ஒப்புதல் கொடுப்பதற்கு முன்பு, எந்தெந்த வேலைகளின் கதவு அந்த ஒப்புதலால் அடைபடும் என்பதை ஒருவன் தெரிந்துகொண்டாவது கொடுக்கட்டும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து ஆலை முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஆள் எடுக்கும் படிவத்தில் 'எப்போதாவது வழக்கு உண்டா' என்று கேட்பதை விட்டு, 'கடந்த ஐந்து வருஷத்தில்' என்று கேளுங்கள்; 6-ஏ பிரிவே உங்களுக்கு அந்த அளவைக் கற்றுத் தந்திருக்கிறது. பழைய காகிதத்துக்காகச் செலவிடும் ஜாக்கிரதையில் ஒரு பகுதியை எடுத்து, மருந்து லாரியும் ஆள் ஏற்றும் வேனும் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் ஓட்டுநரை வாசலிலேயே ஊதச் சொல்லிச் சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கி வையுங்கள். நேற்றிரவு குடித்து இன்னும் தெளியாதவனை அன்று வண்டியில் ஏற்றாதீர்கள்.