அவனுங்க உடம்பு தாங்குமாம்ல!

வல்லக்கோட்டை, ஒரகடம் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்களைப் பத்திப் பேச்சு எடுத்தாலே இந்த டயலாக் வந்துடும்: "வடக்கன் உடம்பே வேறங்க. பன்னெண்டு மணி நேரம் நிப்பான், ஒரே ரூமுல பத்து பேர் படுத்துக்குவான். அவங்க இனமே அப்படி." சொல்றவர் யாருன்னு பாருங்க. ஒண்ணு லேபர் கான்ட்ராக்டர், இல்லைன்னா ஷீட் போட்ட ரூமை வரிசையா கட்டி தலைக்கு இவ்வளவுன்னு வாடகை வாங்கறவர். உடம்பு தாங்கும்னு சொல்லிட்டா ஓவர்டைம் காசும் மிச்சம், இன்னொரு ஃபேனும் மிச்சம்!

மக்களே, இந்த டயலாக்குக்கு வயசு அதிகம். மலாயா ரப்பர் தோட்டத்துல வெள்ளைக்காரத் துரைமார் நம்மாளுங்களைப் பத்திப் பேசினதும் இதேதான். தமிழன் அடங்கிப் போவான், அவன் உடம்பு இதுக்குன்னே செஞ்சது. மலாய்க்காரன் பிறவிச் சோம்பேறி. இந்தச் சோம்பேறிக் கதையை சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977-ல் ஒரு புத்தகம் போட்டுக் கிழிச்சுத் தொங்கவிட்டார். தோட்டத்துல கூலிக்கு வரமாட்டேன்னவன் 'சோம்பேறி', வேற வழியில்லாம வந்தவன் 'அடக்கமானவன்'. அவ்வளவுதான் அந்த விஞ்ஞானம்.

இங்கேயும் அளந்தாங்க. 1901 சென்சஸ் கமிஷனர் ரிஸ்லி, மூக்கு அகலமாக அகலமாக சாதி அந்தஸ்து இறங்கும்னார். மெட்ராஸ் மியூசியத்தை நடத்தின எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலைத் தூக்கிட்டு மூக்கு மூக்கா அலைஞ்சார். (நம்ம மூக்கை எந்தக் கணக்குல சேர்த்திருப்பாரோ!) அம்பேத்கர் 1936-லேயே சொல்லிட்டார்: பஞ்சாப் பிராமணரும் பஞ்சாப் சமாரும் ஒரே வழி, மெட்ராஸ் பிராமணரும் மெட்ராஸ் பறையரும் ஒரே வழி, சாதி ரத்தப் பிரிவு கிடையாதுன்னு. 2009-ல் வந்த மரபணு ஆய்வும் இந்தியாவுல அநேகமா எல்லாருமே ரெண்டு பழைய கூட்டங்களோட கலவைன்னு காட்டுச்சு. பீகாரிக்கும் நமக்கும் வித்தியாசம் கலவையோட விகிதத்துலதான்.

இன்னொரு தமாஷ். ஜார்க்கண்ட்காரன்னாலே நமக்கு 'இந்திக்காரன்'. அங்கே ஒராவோன் பழங்குடியினர் பேசற குருக், சுத்தமான திராவிட மொழி. 'நான்'கறதுக்கு 'ஏன்', 'நீ'ங்கறதுக்கு 'நீன்'. இப்போ அவர் எந்த இனம், சொல்லுங்க?

"அப்போ தமிழினம்னு நாம சொல்றதும் டூப்பா?"ன்னு சில நண்பர்கள் கொதிப்பாங்க. மொழி, வரலாறு, பட்ட அடி, இதெல்லாம் நிஜம். அதுக்கு ரத்தப் பரிசோதனை எதுக்கு சாமி? 1948-ல் இலங்கை, மலையகத் தமிழரோட குடியுரிமையைப் பறிச்சப்போ யாரும் மரபணு பாக்கலை. அப்பன் எங்கே பொறந்தான்னு காகிதம் கேட்டாங்க. லட்சக்கணக்கானவங்க நாடில்லாம நின்னதும் நிஜம்தானே.

வேலை போகுது, கூலி குறையுதுன்னு உள்ளூர்க்காரருக்கு வர்ற கோபம் நியாயம்தான். கம்மிக் கூலிக்கு ஆளை இறக்கறது, அந்தப் பன்னெண்டு மணி நேரம் நிக்கறவரு கிடையாது. அவரைக் கூட்டிட்டு வந்து, பாதியைப் பிடிச்சுக்கிட்டு, "இனமே அப்படி"ன்னு நம்மகிட்ட கதை விடறவரு.