பானையை எடுக்கும் முன் தொட்டியைக் கட்டுங்கள்

கத்தாரின் வடகிழக்குக் கரையில் உள்ள ராஸ் லஃபானை உலகம் எரிவாயுவால் அறியும். 2004 ஜனவரியில் குஜராத்தின் தஹேஜ் முனையத்துக்கு முதல் எல்.என்.ஜி. சரக்கு வந்ததும் அங்கிருந்துதான். அந்த அளவுக்குப் பேசப்படாத இன்னொரு வேலையும் அங்கே இரவு பகலாக நடக்கிறது. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிநீர் ஆக்கும் வேலை அது. வளைகுடாவில் இப்படிப்பட்ட ஆலைகளில் பணியாற்றும் தமிழர்களுக்கு, நீரில் உப்பு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் தினமும் கையில் புழங்கும் கருவி.

மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த பழங்காலக் கலங்களைக் காப்பாற்றுவோரும் இதே மீட்டரைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் வேலையின் பலனைக் காண ராஸ் லஃபானிலிருந்து தெற்கே 80 கி.மீ. போனால் போதும். தோஹாவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் 2022 அக்டோபரில் புதுப்பொலிவுடன் திறந்தபோது, சிரெபோன் கப்பலின் சரக்குக்கும் அங்கே இடம் கிடைத்தது.

அந்தக் கப்பல் 10ஆம் நூற்றாண்டில் ஜாவா கடலில் மூழ்கியது. 2003இல் மீனவர்கள் வழியாகத் தடயம் தெரிந்தது. 2004, 2005 ஆண்டுகளில் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை லட்சம் பொருட்களும் துண்டுகளும் மேலே வந்தன. பெரும்பாலானவை சீனாவின் யுவே சூளைகளில் சுட்ட பச்சை நிறக் கலங்கள். 2010 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஏலத்தில் ஒருவர்கூட விலை கேட்க வரவில்லை என்பது உலகச் செய்தியானது. இத்தனை கலங்களையும் எப்படிக் கழுவினார்கள் என்பது செய்தியாகவில்லை.

உண்மையில் சிக்கலே கழுவுவதில்தான். கடலுக்கடியில் நூற்றாண்டுகள் கிடந்த மட்கலத்தின் நுண்துளைகளில் உப்பு ஊறியிருக்கும். நீருக்குள் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் நீர் ஆவியாகும், உப்பு படிகமாகி விரியும். கடலோர ஊர்களில் உப்புப் பூத்த சுவர் பொரிந்து உதிர்வதைப் போலவே கலத்தின் மேற்பரப்பும் செதில் செதிலாகக் கழன்றுவிடும். அதனால்தான் படகில் ஏற்றிய நொடியிலிருந்து ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் கடல் நீர், பிறகு நல்ல தண்ணீர் கலந்த கடல் நீர், அதன்பின் முழுக்க நல்ல தண்ணீர், கடைசியில் உப்பு நீக்கிய டி.எம். தண்ணீர் என்று படிப்படியாக மாற்றுவார்கள். தொட்டி நீரில் மீட்டரின் அளவு ஏறுவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

அடுத்தது, மேலே ஒட்டிய கொட்டலசும் பவளமும் சுண்ணாம்புப் படிவும். அமிலம் ஊற்றினால் இவை கரையும். ஆனால் ஈயம் கலந்த மெருகும், மெருகின் மேல் தீட்டிய வண்ணமும், சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணும் சேர்ந்தே கரையக்கூடும். எனவே கத்தி முனையாலும், பல் மருத்துவர் காரை எடுக்கும் அதிர்வுக் கருவியாலும் கையால் சுரண்டி எடுப்பதே பாதுகாப்பு. ஜாடிக்குள் ஒட்டிய கசடைத் தேய்த்துக் கழுவிவிட்டால் அதில் எண்ணெய் இருந்ததா, மீன் ஊறுகாய் இருந்ததா என்று சொல்லும் சாட்சியும் சாக்கடைக்குப் போய்விடும். பளபளப்பாக்குவதைவிட எங்கே நிறுத்துவது என்று தெரிவதே இந்தத் தொழிலின் பெரிய திறமை.

சீனக் கலங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அதிக வெப்பத்தில் வெந்து இறுகியவை என்பதால் உப்பு எளிதில் உள்ளே போகாது. ஓரளவு அலட்சியத்தையும் தாங்கும். சந்தையில் விலையும் உண்டு என்பதால் பராமரிக்கப் பணம் வரும். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கிடைத்த 9ஆம் நூற்றாண்டு அரபுக் கப்பலின் ஏறக்குறைய 60,000 கலங்களை 2005இல் சிங்கப்பூர் வாங்கியது. விலை சுமார் 3.2 கோடி டாலர். அந்தச் சரக்கை மீட்டது ஒரு தனியார் நிறுவனம் என்பதால் எழுந்த சர்ச்சையில், 2011இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் கண்காட்சித் திட்டத்தைக் கைவிட்டது.

நம் கடலில் கிடைக்கக்கூடியவை வேறு வகை. இலங்கையின் தென்கரையில் கொடவாய அருகே 2003இல் மீனவர்கள் கண்ட கப்பல் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையது. கண்ணாடிக் கட்டிகளுடன் அதில் இருந்தது கருப்பு-சிவப்புப் பானை. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் கிடைக்கும் அதே மரபு. மெருகில்லாத, துளைகள் நிறைந்த இந்த மண் உப்பைக் குடிக்கும். ஏலத்தில் விலை போகாது. ஆனால் தமிழருக்கு இதுவே ஆவணம். ஓமனின் கோர் ரோரியில் 2006இல் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்ப் பிராமியில் ஒருவரின் பெயர் கீறப்பட்டிருந்தது. அது நிலத்தில் அகழ்ந்து எடுத்தது. அப்படியோர் ஓடு கடலுக்கடியில் கிடைத்து, அவசரத்தில் காயவைக்கப்பட்டால் முதலில் உதிர்வது எழுத்துள்ள அந்த மேற்பரப்புதான்.

தொட்டி கட்டினால் மட்டும் போதாது, கட்டும் இடமும் முக்கியம். 1659இல் இலங்கையின் காலி துறைமுகத்தில் மூழ்கிய டச்சுக் கப்பல் அவோன்ட்ஸ்டெர்ரை 2001 முதல் அகழ்ந்தனர். 2004 சுனாமி கரையோரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தை அழித்தது. கப்பலில் இருந்து மீட்டு வைத்திருந்த பொருட்களில் பலவும் அதோடு போயின.

காவிரிப்பூம்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையிலான கடலில் ஆய்வு நடத்தப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் கப்பல் வாடகைக்கும் முக்குளிப்போருக்கும் ஒலியலைக் கருவிக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, பதப்படுத்தும் செலவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது வழக்கமான தவறு. மணலுக்கடியில் கிடக்கும் பானை இன்னும் நூறாண்டு பொறுக்கும். கரைக்கு வந்த பானை ஒரு வாரம்கூடப் பொறுக்காது.

ஆகவே அலை தொடாத மேட்டில் ஓர் ஆய்வுக்கூடம், நன்னீர்த் தொட்டிகள், ஆண்டு முழுதும் சம்பளம் பெறும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆகிய மூன்றும் தயாரான பிறகே கடலிலிருந்து எந்தப் பொருளையும் எடுப்போம் என்று தொல்லியல் துறை விதி வகுக்க வேண்டும். அதுவரை கிடைப்பதைப் படமெடுத்து, அளந்து, இருந்த இடத்திலேயே விட்டுவரட்டும்.