சட்டைப் பையில் ஒரு சமோசா

பென்னலூர் பஸ் ஸ்டாப்ல சாயங்காலம் நின்னிருக்கீங்களா பாஸ்? ஸ்ரீ வெங்கடேஸ்வரா இன்ஜினீயரிங் காலேஜ் பஸ்ஸெல்லாம் வரிசையா சென்னைப் பக்கம் கிளம்பும். நடுநடுவே கம்பெனி பஸ். காலேஜ் பஸ்ஸுல ஒரே பாட்டு, கூத்து. கம்பெனி பஸ்ஸுல பாதிப் பேர் ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டிருப்பாங்க. ஒருநாள் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கின ஒருத்தர், யூனிஃபார்ம் சட்டைப் பையை உள்ளங்கையால பொத்திக்கிட்டே ரோட்டைக் கிராஸ் பண்ணினார். ஏதோ கோழிக்குஞ்சை எடுத்துட்டுப் போற மாதிரி. பையில எண்ணெய்க் கறை.

எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது சமோசா.

எங்க அப்பாவும் அப்படித்தான் வருவார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ ஓட ஆரம்பிச்சதும், அதுக்கு பார்ட்ஸ் பண்ற சின்னச் சின்ன கம்பெனிகள் சுத்துவட்டாரத்துல முளைச்சது உங்களுக்குத் தெரியும். அதுல ஒண்ணுல அப்பா பவர் பிரஸ் ஆபரேட்டர், கான்ட்ராக்ட்ல. செய்யாறு பக்கத்துக் கிராமத்துலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு லைன் வீட்டுக்குக் குடி வந்தோம். ஆறு வீட்டுக்கு ஒரே அடிபம்பு.

ரெண்டு மணி ஷிஃப்ட் போனா வீடு வர ராத்திரி பதினொண்ணு ஆகும். நானும் தங்கச்சியும் தூங்காம கிடப்போம். "பாவம் மனுஷன் களைச்சு வர்றார், அவர் பாக்கெட்டைத் துழாவுறதுக்குன்னே முழிச்சிருக்கீங்களா?"ன்னு அம்மா திட்டும். ஆமாம், அதுக்குத்தான் முழிச்சிருப்போம். கேன்டீன் மெனு எங்களுக்கு அத்துப்படி. திங்கள் போண்டா, செவ்வாய் மசால்வடை, புதன் தேங்காய் பன், வியாழன் சமோசா, வெள்ளி கேக். சனிக்கிழமை பிஸ்கட். அது எங்களுக்கு மரியாதைக் குறைவு.

டிஷ்யூ பேப்பரைப் பிரிச்சா சமோசா ஆறிப்போய், சப்பையாகி, லேசா மிஷின் ஆயில் வாசனையோட இருக்கும். ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுச் சட்டம் என்னன்னா, நான் வெட்டணும், அவ முதல்ல எடுக்கணும். ஸ்கேல் வெச்சு அளக்காத குறைதான். முக்கோணத்தை ரெண்டு சமபாகமா பிரிக்கிறது எப்படின்னு கணக்கு வாத்தியார் சொல்லித் தர்றதுக்கு முன்னாடியே எனக்கு அத்துப்படி. மொறுமொறுன்னு இருக்கிற அந்த ஓரம் யாருக்குங்கிறதுல ரெண்டு தடவை ரத்தக் களரி ஆகியிருக்கு.

"உங்களுக்கு?"ன்னு அம்மா ஒருதரம் கேட்டுச்சு. "எனக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்காது, நெஞ்சைக் கரிக்கும்"னுட்டார். நாங்களும் நம்பிட்டோம். நம்புறது வசதியா இருந்துச்சு இல்ல!

வேற சந்தோஷமே இல்லையான்னு கேட்காதீங்க. 25 காசுக்குத் தேன் மிட்டாய் கிடைச்ச காலம் அது. (அந்தக் காசே 2011 ஜூன் 30-ஓட செல்லாமப் போச்சு. தேன் மிட்டாய்ல தேனே கிடையாது, அரிசியும் உளுந்தும் அரைச்சுப் பொரிச்சு சர்க்கரைப் பாகுல போட்டதுன்னு தெரிஞ்ச நாள் என் வாழ்க்கையின் கறுப்பு தினம்.) சித்திரைத் திருவாதிரைக்கு ராமானுஜர் உற்சவம் நடக்கும்போது கோயில் தெருவுல ஜவ்வு மிட்டாய்க்காரர் கம்பு உச்சியில கைதட்டுற பொம்மையோட வருவார். மிட்டாயை இழுத்து மணிக்கட்டுல வாட்ச் கட்டி விடுவார். மணி பார்த்துட்டு வாட்சைத் தின்னுடலாம். சம்பள நாள்னா வாழையிலையில புரோட்டா பார்சல், சால்னா தனியா கவர்ல நூல் கட்டி. அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அம்மாதான். நாங்க கடிச்சா சால்னா சுவத்துக்குப் போயிடும்.

ஆயுத பூஜையை மட்டும் விட முடியாது. வருஷத்துல அந்த ஒருநாள்தான் கம்பெனி கேட் குடும்பத்துக்காகத் திறக்கும். மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வாசல்ல பூசணிக்காய் உடைப்பாங்க. பொரி, பொட்டுக்கடலை, லட்டு, மிக்ஸர் போட்ட டப்பா ஆளுக்கொண்ணு. அப்பா எங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரு பச்சைக் கலர் மிஷின் முன்னாடி நிறுத்தி, "இதான் என் மிஷின்"னார். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஏது சொந்த மிஷின்? அது எனக்கு அப்ப தெரியாது. தங்கச்சி அதுக்கு ஒரு லட்டு ஊட்டப் பார்த்தா.

2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ்னு ஒரு பேங்க் கவுந்துச்சு. அதுக்கும் சமோசாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? உலகம் முழுக்க மந்தம். கார் வாங்குறவன் குறைஞ்சா கார் கம்பெனி ஆர்டரைக் குறைக்கும். பார்ட்ஸ் பண்றவன் ஷிஃப்ட்டைக் குறைப்பான். ஷிஃப்ட் குறைஞ்சா முதல்ல வெளியே போறவன் கான்ட்ராக்ட் ஆள். எம்.பி.ஏ. பசங்க இதை 'சப்ளை செயின்'னு படம் போட்டுக் காட்டுவீங்க.

அந்த வருஷக் கடைசியில ஒரு ராத்திரி, அப்பா ரெண்டு சமோசா கொண்டு வந்தார். முழுசா, சப்பையாகாம. வெட்ட வேண்டியதே இல்லை. ஆளுக்கொண்ணு, ஆளுக்கு மூணு ஓரம்! "கேன்டீன்ல ரெண்டு குடுத்தாங்களாப்பா?"ன்னா தங்கச்சி. "ஆமா பாப்பா, ஆளுங்க கம்மி ஆயிட்டாங்க. அதான் ரெண்டு"ன்னார்.

ரெண்டு மாசம் அப்படியே போச்சு. எங்க குழந்தைப் பருவத்துலேயே அதுதான் பணக்காரக் காலம்னு நான் நெனைச்சிருந்தேன். அப்புறம் அப்பா வேற கம்பெனியில சேர்ந்தார், மறுபடி ஒரே சமோசா. எனக்குக் கோபம்கூட வந்துச்சு.

காலேஜ் மூணாம் வருஷம், 2016-ல், இன்பிளான்ட் டிரெய்னிங்னு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு 15 நாள் போனேன். நமக்கு வேலை ஒண்ணும் கிடையாது, சும்மா நின்னு வேடிக்கை பார்க்கணும், நோட்டுல எழுதணும். அதுக்கே அஞ்சு மணிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. டீ பிரேக் பத்து நிமிஷம். ஒரு டீ, ஒரு சமோசா. ரெண்டே கடியில காலி பண்ணிட்டு இன்னொண்ணு கேட்டேன். பரிமாறின அண்ணன் சிரிச்சார். "ஆளுக்கு ஒண்ணுதான் தம்பி. எந்த கம்பெனியிலயும் ரெண்டு தர மாட்டான்."

எதிர்ல ஒருத்தர் வெறும் டீயைக் குடிச்சிட்டு, சமோசாவை டிஷ்யூல சுத்திட்டிருந்தார்.

அன்னிக்கு வீட்டுக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உனக்கு இப்பதான் தெரியுமா? உன் தங்கச்சிக்கு அப்பவே தெரியும்"னுச்சு. அப்பாவை நிறுத்தினது நவம்பர்ல. தினம் அதே நேரத்துக்குக் கிளம்பி, லாரி ஷெட்டுல லோடு ஏத்தியிருக்கார். ராத்திரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில ரெண்டு சமோசா வாங்கியிருக்கார். டிஷ்யூ பேப்பருக்குப் பதிலா நியூஸ் பேப்பர்ல சுத்தி வந்ததை எட்டு வயசு தங்கச்சி கண்டுபிடிச்சு, அம்மாகிட்ட கேட்டு, "அண்ணனுக்குச் சொல்லாதே"ன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கா. மூணு ஓரத்தையும் மொசுக்கினவன் நான் ஒருத்தன்தான்.

இந்த ரோட்டுல இது ஒரு வீட்டுக் கதை இல்லைங்க. 2014 நவம்பர் 1-ம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா பிளான்ட் நின்னப்போ நான் ஃபர்ஸ்ட் இயர். கூடப் படிச்ச ஒருத்தனோட அக்கா அங்கே வேலை பார்த்தவங்க. அந்த மாசம் அவன் டிபன் பாக்ஸ்ல என்ன இருந்துச்சுன்னு நான் பார்க்கவே இல்லை.

டிரெய்னிங் முடிஞ்ச கடைசி நாள், கேன்டீன் சமோசாவை நானும் டிஷ்யூல சுத்தி சட்டைப் பையில வெச்சேன். பஸ்ல கூட்டம், நல்லா நசுங்கிடுச்சு. வீட்டுக்குப் போய் அப்பா முன்னாடி நீட்டினேன். "நெஞ்சைக் கரிக்குமே?"ன்னேன் நக்கலா.

பதில் சொல்லலை. பிரிச்சார். ஒரு ஓரத்தை மட்டும் ஒடிச்சு வாயில போட்டு, கண்ணை மூடி மென்னார். "ஓரம்தான்டா நல்லாருக்கும்"னார். அப்புறம் மிச்சத்தை என்கிட்ட நீட்டி, "வெட்டு, பாப்பா வரட்டும். அவதான் முதல்ல எடுக்கணும்"னார்.