சொல்லும் செவியும்

கம்பம் பள்ளத்தாக்கிலே, சண்முகாநதி அணைக்கு அணித்தாக, திராட்சைப் பந்தல்களின் நடுவே அமைந்துள்ளது இராயப்பன்பட்டி. மாலையில் பள்ளிக்கூடங்கள் விட்டதும் சிறுவர் சிறுமியர் கூட்டங்கூட்டமாய் வீடு திரும்பும் காட்சி கண்ணுக்கு இனியது. ஆயினும் அவ்வேளையில் பூட்டிய கதவுகளும் பல உள. பெற்றோருள் சிலர் தோட்டவேலையினின்று திரும்பியிரார். இப்பள்ளத்தாக்கின் ஊர்கள் பலவற்றினின்றும் விடியுமுன்னரே ஜீப்பு வண்டிகளில் ஏறி, மேற்குமலையைக் கடந்து, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் தாய்மார் மலையிறங்கி வீடு சேர இருட்டிவிடும். அதுகாறும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோர் பாட்டிமார், பக்கத்து வீட்டார், தனிப்பாடம் சொல்வோர், உறவினர் ஆகியோரே. இவர்களிற் பெரும்பாலோர் நல்லோர். இவர்கள் உதவியின்றி ஏழைக் குடும்பங்கள் பல நாட்கழித்தல் அரிது. எனினும் அவருள் ஒருவன் தீயனாயிருப்பின், இரவில் வீடு திரும்பும் தாய்க்கு அதனை எடுத்துரைக்க அப்பிள்ளையிடம் சொல் உண்டோ? உரைத்தால், அதனைக் கேட்கத் தாய்க்குச் செவி உண்டோ? இவ்விரு வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கல்லூரி மலரொன்றில் இத்தகைய விஷயம் இடம்பெறுதல் தகுமோ எனச் சிலர் புருவம் நெரித்தல் கூடும். அன்னோர்க்கு நம் பள்ளத்தாக்கின் திராட்சைக் குடியானவனையே நாம் சான்றாகக் காட்டுவோம். அடிச்சாம்பல் நோய் இலையின் மேற்புறத்தில் இலேசான மஞ்சட்புள்ளியாய் மட்டுமே தோன்றும். அதன் வெண்பூசணம் படர்வதோ இலையின் அடிப்புறத்தில். ஆதலின் அறிந்த விவசாயி பந்தலின்கீழ் நின்று இலையைத் திருப்பிப் பார்க்கின்றான். கண்டதை அடுத்த தோட்டத்தானுக்கும் வாய்விட்டுச் சொல்லுகின்றான். நோயின் பெயரைச் சொன்னால் பந்தலுக்கு இழுக்கு என்று அவன் கருதுவானாயின் கொடி என்னாகும்? கொடிக்கு நாம் செய்யும் இவ்வுபகாரத்தைக் குழந்தைக்குச் செய்யத் தயங்குகின்றோம். அத்தயக்கத்திற்கு அடக்கம் என்றும் நாணம் என்றும் நல்ல பெயர்களைச் சூட்டியிருக்கின்றோம்.

இக்கொடுமை எங்கோ பட்டணங்களில், எவனோ அந்நியனால் நிகழ்வதன்றோ எனின், அன்று. இந்திய அரசாங்கத்தின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளை வினவிற்று. அவர்களுள் நூற்றுக்கு 53 பேர்க்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியற் கொடுமைக்கு ஆளானதாக உரைத்தனர். அங்ஙனம் உரைத்தோருள் பாதிக்குச் சற்று மேலானோர் ஆண்பிள்ளைகள். கொடுமை இழைத்தோரிற் பாதிப்பேர் அப்பிள்ளைகள் முன்னரே அறிந்து நம்பியிருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதனை ஒருவரிடத்தும் சொல்லவில்லை. ‘முன்பின் தெரியாதவனிடம் மிட்டாய் வாங்காதே’ என்னும் ஓர் எச்சரிக்கையோடு நம் கடமை தீர்ந்ததென்று இருப்போர் இதனைச் சிந்திப்பாராக. ‘பெண்பிள்ளைக்குத்தானே பயம்’ என்போரும் சிந்திப்பாராக.

சொல்லினும் செவியினும் அடங்கிய வலிமை யாதென்பதற்கு நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஓர் உண்மைச் சம்பவத்தைக் குறிப்போம். 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை அயனாவரத்து அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் செய்தி நாடெங்கும் பரவிற்று. செவிப்புலன் குன்றிய பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, அக்குடியிருப்பிலேயே மின்தூக்கி இயக்கியவர், காவல் புரிந்தவர் முதலானோரால் பல மாதங்களாகக் கொடுமை செய்யப்பட்டிருந்தாள். வெளியூரிலிருந்த மூத்த சகோதரி வீட்டிற்கு வந்தபோது அவளிடமே சிறுமி தன் துன்பத்தை வெளியிட்டாள். அதன்பின்னரே காவல்துறை அறிந்தது. 17 பேர் கைது செய்யப்பட்டனர். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தனிநீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. மதிலும் வாயிற்காவலும் உடைய இடத்திலேதான் இது நிகழ்ந்தது. காவலென நின்றோரே குற்றம் புரிந்தோர். அம்மதில் செய்யாததை ஓர் அக்காளின் செவி செய்தது. கேட்பதற்கு அவள் வாராதிருப்பின் அச்சிறுமியின் துன்பம் இன்னும் எத்தனை நாள் நீண்டிருக்கும் என்பதை எண்ணவும் நெஞ்சம் நடுங்குகின்றது.

இனி, தடை கூறுவார் கூற்றைக் காண்போம். ‘கள்ளங்கபடறியாப் பிள்ளைகளிடம் இவற்றைப் பேசுதல் அவர்தம் வெள்ளையுள்ளத்தைக் கெடுத்தலாகாதோ?’ என்பது அவர் வினா. இவ்வினா அன்பினின்று எழுவதேயாதலின் இதனை நாம் இகழோம். ஆயினும், அறியாமை வேறு, தூய்மை வேறு. கிணற்றில் விழுந்தால் மூழ்குவாய் என்று சொல்லுதல் பிள்ளைக்கு நீரின்மேல் வெறுப்பூட்டுதலன்று. பாம்பைப் பற்றிச் சொல்லுதல் தோட்டத்தை விலக்குதலன்று. மேலும், நாம் பேசாதிருப்பின் பிள்ளை அறியாதிருக்கும் என்பதும் உண்மையன்று. கைபேசி வீடுதோறும் புகுந்துவிட்ட இக்காலத்தில், நாம் விட்ட இடத்தைப் பிறர் நிரப்புவர். அவர் நிரப்பும் விதம் நாம் விரும்பும் விதமாயிராது. தீயோனுக்கு வேண்டுவதும் பிள்ளையின் அறியாமையும் அதன் வாயடைப்புமே. நாம் மௌனமாயிருப்பின் அவன் பாதி வேலையை நாமே முடித்துக்கொடுக்கின்றோம்.

அங்ஙனமாயின் எதனைச் சொல்லுவது? முதலாவது, உடலுறுப்புகளின் பெயரைச் சொல்லுவது. கண், மூக்கு, கை, கால் எனக் கற்பிக்கும் தாய், ஆண்குறி, பெண்குறி, மார்பு, பிட்டம் என்னும் இடங்கள் வரும்போது வாய் பொத்துகின்றாள். அல்லது ‘சீச்சீ’ என்கின்றாள். பெயரில்லாத உறுப்பில் நேர்ந்த துன்பத்தைப் பிள்ளை எங்ஙனம் உரைக்கும்? ‘சீச்சீ’ என்று பழிக்கப்பட்ட இடத்தில் நேர்ந்ததைத் தன் குற்றமென்றே அது எண்ணும். மூன்று வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதே, ‘இவ்விடங்கள் உனக்கே உரியவை, குளிப்பாட்டும் அம்மாவும், அம்மா உடனிருக்கையில் மருத்துவருமன்றி ஒருவரும் இவற்றைத் தொடலாகாது, தம்முடையதைத் தொடச் சொல்லலுமாகாது’ என்று சாதாரணக் குரலிற் சொல்லிவிடலாம். ஒருநாள் உபதேசமாகச் செய்யாமல், சோறூட்டுவதும் தலைவாருவதும்போல் நாள்வழக்கமாக இது நிகழ்தல் வேண்டும். பிள்ளை வளரவளரச் சொல்லும் வளரவேண்டும். கைபேசியில் எவரேனும் படம் கேட்டாலும் இதே விதிதான் என்பதைப் பத்து வயதிலேனும் உரைத்தல் அவசியம்.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று பள்ளிகளிற் கற்பிக்கும் பாடம் பயனுடையதே. ஆயினும் அதில் ஓர் இடுக்கண் உண்டு. தீயோன் எப்போதும் துன்புறுத்தித் தொடுவதில்லை. கொஞ்சியும், தின்பண்டம் கொடுத்தும், விளையாட்டுப்போலும் தொடுகின்றான். அதனை ‘நல்லது’ என மயங்கும் பிள்ளை, பின்னர் உண்மை தெரியுங்கால், தானும் கெட்டுவிட்டதாகக் கலங்கும். ஆதலின் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் எனப் பிரித்துக் கூறுதலே சிறப்பு. தவறு தொட்டவனுடையது, தொடப்பட்ட பிள்ளையினுடையதன்று என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

இரண்டாவது, இரகசியத்தைப்பற்றிச் சொல்லுவது. ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்பதே இக்குற்றத்தின் மந்திரம். பிறந்தநாட் பரிசை மறைத்தல் சில நாளில் வெளிப்பட்டு மகிழ்ச்சி தருவது. ஒருபோதும் வெளியிடலாகாது என்று பெரியவர் ஒருவர் கட்டளையிடும் இரகசியம் எதுவாயினும் அதனை உடனே சொல்லிவிடுதல் பிள்ளையின் உரிமை. மூன்றாவது, மறுத்தற்குரிய சுதந்திரத்தைக் கொடுப்பது. ‘பெரியவர் சொல்லைத் தட்டாதே’ என்பது நம் வீடுகளின் முதற்பாடம். அப்பாடத்தை நாம் அழிக்கச் சொல்லவில்லை. ஒரு வரி கூட்டச் சொல்லுகின்றோம்: ‘உன் உடம்பைக் குறித்த விஷயத்தில், மாமாவாயினும் சித்தப்பாவாயினும் வாத்தியாராயினும் சாமியாராயினும், வேண்டாம் என்று சொல்லலாம்.’ விருந்தினர் மடியில் அமர மறுத்து அழும் குழந்தையைக் கட்டாயப்படுத்தாதிருத்தல் இதற்கு நல்ல தொடக்கமாகும்.

இவையாவும் பிள்ளைக்குச் சொல் கொடுத்தலாம். செவி கொடுத்தலோ இதனினும் அரிது. பிள்ளைகள் கோவையாக முறையிடுவதில்லை. ‘அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்’ என்று அடம்பிடிக்கும், பழைய வழக்கத்திற்கு மாறாகப் படுக்கையை நனைக்கும், படிப்பிற் பின்னிடும், காரணமின்றிச் சினக்கும். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருத்தல் கூடும். ஆயினும் அடிக்குமுன் கேட்கவேண்டும். களைத்து வந்த தாய்க்கு நெடும்பொழுது இல்லையென்பதை அறிவோம். விளக்கணைக்குமுன் கால்மணி நேரம் ‘இன்று என்ன நடந்தது?’ என்று கேட்டு, இடைமறியாது கேட்டிருத்தல் எவர்க்கும் இயலும். பிள்ளை சொல்லிவிட்டால், அத்தாய் அலறலாகாது. ‘நீ ஏன் அங்கே போனாய்?’ எனலாகாது. ‘சொன்னாயே தாயி, நல்லது செய்தாய், நான் நம்புகிறேன், உன்மேல் குற்றமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்னும் நான்கு சொற்கள் போதும். திரும்பத்திரும்பத் துருவி வினவுதலும், பலர்முன் சொல்லச் செய்தலும் புண்ணைக் கீறுதலேயாகும்.

அடுத்துச் செய்யற்பாலது யாது? ஊர்ப்பெரியவர் கூடிப் பணம் பேசி முடித்தலும், குடும்ப மானம் என்று மூடிவைத்தலும் நியாயமாகா. மானம் இழந்தவன் குற்றம் செய்தவனேயன்றிக் குழந்தையன்று. 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையிலுள்ள பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தல் அதன்படி கட்டாயம். தெரிவியாதவர்க்கு ஆறு மாதம் வரை சிறையும், நிறுவனத் தலைவராயின் ஓராண்டு வரை சிறையும் உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்க்குச் சட்டத்தால் தீங்கு வாராது. வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையணியலாகாது. பிள்ளை இருக்கும் இடத்திற்கே சென்று கேட்டல் வேண்டும். பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது. 1098 என்னும் எண்ணிற்குப் பிள்ளைகள் தாமே கட்டணமின்றிப் பேசலாம். இவ்வெண்ணை வாய்ப்பாடுபோல் ஒவ்வொரு பிள்ளையும் மனனம் செய்திருத்தல் நலம்.

பிறரைப்பற்றி இவ்வளவு உரைத்த நாம் நம் சொந்த வீட்டைப்பற்றிப் பேசாதொழிதல் நேர்மையன்று. கிறிஸ்தவப் பள்ளிகளும் விடுதிகளும் நம் நாட்டு ஏழைப் பிள்ளைகட்குச் செய்த நன்மை பெரிது. நம்மிற் பலர் அதன் கனியை உண்டவர்களே. ஆயினும் திருப்பெயர் தாங்கிய கட்டிடம் என்பதனாலேயே எதுவும் பத்திரமாகிவிடாது. அயர்லாந்து தேசத்தில் 2009-ஆம் ஆண்டில் வெளியான விசாரணைக்குழுவின் அறிக்கை, துறவற சபைகள் நடத்திய விடுதிப்பள்ளிகளிற் பல பத்தாண்டுகள் பிள்ளைகள் பட்ட கொடுமையையும், அறிந்தோர் காத்த மௌனத்தையும் விரித்துரைத்தது. சபையின் நற்பெயர் கெடுமே என்று மூடிவைத்தவர்களே அந்நற்பெயரை மிகுதியாகக் கெடுத்தனர். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆணையொன்று பிறப்பித்து, குருக்களும் துறவியரும் தாம் அறிந்த குற்றத்தைத் திருச்சபை அதிகாரிகட்குத் தெரிவித்தல் கடமையென்று விதித்தார். நாட்டின் சட்டம் விதிக்கும் கடமை அதனால் நீங்குவதில்லை. விடுதிக் கண்காணிப்பாளர் முதல் வாகன ஓட்டி வரை யாவரும் இவ்விதிக்கு உட்பட்டவரென்பதை ஒவ்வொரு நிறுவனமும் வெளிப்படையாய் எழுதிவைத்தல் வேண்டும். சீடருள் பெரியவன் எவன் என்னும் வினா எழுந்தபோது ஆண்டவர் ஒரு குழந்தையை அழைத்து நடுவே நிறுத்தினார். நாமோ நம் கீர்த்தியை நடுவே நிறுத்திக் குழந்தையை மூலைக்குத் தள்ளுதல் எங்ஙனம் தகும்?

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் நாளை ஆசிரியராவீர். யாவரும் அநேகமாய்ப் பெற்றோராவீர். அதற்கு முன்னரே, இன்றே, நீங்கள் ஒரு தம்பிக்கு அண்ணன். ஒரு தங்கைக்கு அக்காள். பெற்றோரிடம் சொல்ல அஞ்சும் பிள்ளை, வெளியூரிற் படித்து விடுமுறைக்கு வரும் மூத்தாரிடம் சொல்லத் துணிதல் கூடுமென்பதை அயனாவரத்துச் சம்பவம் காட்டிற்று. இம்மலர் உங்கள் கைக்கு வந்தபின் வரும் விடுமுறையில் பள்ளத்தாக்கின் ஊர்களுக்குச் செல்வீர். மலைக்குச் சென்ற ஜீப்பு இன்னும் இறங்கியிராது. வீட்டுத் திண்ணையில் அச்சிறியோர் தனித்திருப்பர். கையிலுள்ள கைபேசியை அப்புறம் வைத்துவிட்டு அவர்கள் அருகே அமருங்கள். பாடத்தைப்பற்றிக் கேளுங்கள், விளையாட்டைப்பற்றிக் கேளுங்கள், ‘எவரேனும் உன்னைப் பயமுறுத்துகிறார்களா? எதுவாயினும் என்னிடம் சொல்லலாம்; நான் கோபிக்கமாட்டேன்’ என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் மறுமொழி சிரிப்பாகவே இருக்கும். அதற்காக ஆண்டவருக்கு நன்றி கூறுவோம். எங்கேனும் ஒரு வீட்டில் அப்பிள்ளை சிரியாது தலைகுனிந்தால், எழுந்து போய்விடாதீர்கள்.