ஃபிட்டர் கேட்ட இசை அரங்கம்

சிட்னி என்றதும் நம் கண்முன் வருவது, கடலோரத்தில் பாய் விரித்ததுபோல் நிற்கும் ஓபரா ஹவுஸின் வெள்ளைக் கூரைகள். அதை வடிவமைத்த டென்மார்க்கின் யோர்ன் உட்சனைப் பலரும் அறிவார்கள். அதை அரசுத் திட்டமாக்கிய ஜோ காஹிலை அறிந்தவர்கள் குறைவு. அவர் ஒரு ரயில்வே ஃபிட்டர்.

1891-ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து வந்த ரயில்வே தொழிலாளி. மகனும் ஈவ்லி ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். 1917-ல் நிர்வாகம் அங்கே நேர அட்டை முறையைப் புகுத்தியது. யார், எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதை மேற்பார்வையாளர் எழுதுவார்; எழுதியதைத் தொழிலாளி பார்க்க முடியாது. பணிமனை கொதித்தது. வேலைநிறுத்தம் மாநிலம் கடந்தும் பரவி, இறுதியில் தோற்றது. காஹில் வேலையிழந்தார், அவரது கோப்பில் 'கிளர்ச்சிக்காரர்' என்று எழுதப்பட்டது. அதே போராட்டத்தில் தண்டிக்கப்பட்ட எஞ்சின் ஓட்டுநர் பென் சிஃப்லி, 1945-ல் நாட்டின் பிரதமரானார்.

காஹில் 1925-ல் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றத்துக்குப் போனார். 1932-ல் தோற்று, 1935-ல் மீண்டார். 1944 முதல் உள்ளாட்சித் துறை அமைச்சர். 1952-ல் மாநில முதல்வர். ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் தரும் சட்டம் 1958-ல் அவரது ஆட்சியில் வந்தது. பெண்கள் மட்டுமே செய்துவந்த வேலைகளை அது தொடவில்லை என்பது பெரிய குறை.

ஆனாலும் அவரை அளக்க நான் எடுத்துக்கொள்வது ஓபரா ஹவுஸைத்தான். வீடும் மருத்துவமனையும் போதாத ஊரில் பாட்டுக் கச்சேரிக்கு மாளிகையா என்று சொந்தத் தொழிற்கட்சியிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உழைப்பவனின் குடும்பமும் நல்ல இசை கேட்கவேண்டும், அதற்கான இடத்தை அரசு கட்டவேண்டும் என்பதில் காஹில் உறுதியாக நின்றார். தொழிலாளிக்குச் சோறும் கூரையும் போதும் என்று முடிவுகட்டுவது, அவனைப் பணிமனைக்குள்ளேயே பூட்டிவைப்பதற்குச் சமம். பணிமனையிலிருந்து வந்தவருக்கு அது தெரிந்திருந்தது.

பணத்துக்கு லாட்டரி நடத்தினார். சுமை சீட்டு வாங்கிய சாமானியர் தலையில்தான் விழுந்தது; மறுக்க முடியாது. அதனாலேயே அந்த அரங்கில் அவர்களுக்கு உரிமை கூடுகிறது என்பேன்.

வரைபடங்கள் முடியும் முன்பே, தேர்தல் நெருங்கிய 1959 மார்ச் 2 அன்று வேலையைத் தொடங்கிவைத்தார். அந்த அவசரத்தால் பின்னாளில் தூண்களை இடித்துக் கட்டவேண்டி வந்தது. 35 லட்சம் பவுண்டு, அதாவது 70 லட்சம் டாலர், என்று போட்ட கணக்கு 10.2 கோடி டாலரில் போய் நின்றது. இருந்தும் அவர் செய்தது சரி. காத்திருந்தால் அடுத்து வந்தவர்கள் திட்டத்தைக் கைவிட்டிருக்கக்கூடும். வேலை தொடங்கி எட்டு மாதம் ஆகுமுன், அக்டோபர் 22-ல் அவர் இறந்துபோனார்.

அரங்கம் திறந்தது 1973 அக்டோபர் 20-ல். அவர் மறைந்து பதினான்கு ஆண்டு நிறைய இரண்டு நாள் இருந்தது.