ஒரு மணி நேரத்தில் கூழ் காய்ச்ச முடியாது

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டிய இராணுவ நிலப்பரப்புத் தொகுப்பின் பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டுக்குரியது இது ஒன்றுதான். சுற்றுலாப் பயணிகளுக்குப் பின்னாலேயே கோட்டையின் ராஜகிரிக் குன்றடிவாரத்துக்கு நம் சமையல் நிகழ்ச்சித் துறையின் கேமராக்களும் வரும். வந்து எதைச் சமைத்துக் காட்டப்போகிறோம்? என்ன சமைப்பது என்பதை நாம்தான் முடிவுசெய்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். முப்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், அதை முடிவுசெய்து வந்திருப்பது நிகழ்ச்சியின் வடிவமே.

ஜீ டிவியில் சஞ்சீவ் கபூரின் 'கானா கஜானா' 1993இல் தொடங்கியது. அமெரிக்காவில் சமையலுக்கென்றே ஃபுட் நெட்வொர்க் பிறந்ததும், இங்கே சன் டிவி வந்ததும் அதே ஆண்டில். ஒரு மேடை, ஓர் அடுப்பு, கிண்ணங்களில் அளந்துவைத்த பொருள்கள், பேசிக்கொண்டே சமைக்கும் ஒருவர்: இந்த வடிவம் தமிழில் ரேவதி சண்முகம், மல்லிகா பத்ரிநாத், செஃப் தாமு போன்றோரை வீட்டுக்கு வரும் ஆசிரியர்களாக்கியது. அது அளவைக் கற்பித்தது. ஆனால் நேரத்தை மறைத்தது. ஊறியது, புளித்தது, காய்ந்தது எல்லாம் முன்பே தயாராகி மேசைக்கு அடியிலிருந்து வந்தன. பிறகு போட்டி வந்தது. ஃபுட் நெட்வொர்க்கிலேயே 2009இல் 'சாப்ட்' தொடங்கியபோது கடிகாரம் ஒரு கதாபாத்திரமாகிவிட்டது. விஜய் டிவியின் 'குக்கு வித் கோமாளி' 2019இலும், சன் டிவியின் 'மாஸ்டர் செஃப்' 2021இலும் அந்தக் கடிகாரத்தைத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுவந்தன. இடையே 2018இல் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' புறப்பட்டு, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அங்கே கடிகாரம் இல்லை; அண்டா இருந்தது.

இந்த மூன்று வடிவங்களிலும் நுழைய முடியாத ஓர் உணவைப் பார்ப்போம். ஆடி மாதத்தில் செஞ்சியை அடுத்த மேல்மலையனூர் வட்டாரத்து அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ். கேழ்வரகு மாவை முதல் நாள் இரவு கரைத்துப் புளிக்க விட வேண்டும். மறுநாள் நொய் வேகும் உலையில் அதை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். காய்ச்சியதை இரவு முழுக்க ஆறவிட்டு, விடிந்ததும் மோர் விட்டுக் கரைக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பங்கு அடுப்பில் நடப்பதில்லை. சட்டிக்குள், யாரும் தொடாத இரண்டு இரவுகளில் நடக்கிறது. போட்டியின் அறுபது நிமிடத்தில் அது பிறக்காது. அரை மணி நேரப் பாடத்தில் அதன் பாதி காணாமல் போகும். அண்டா வடிவத்துக்கோ அது கண்ணைக் கவரும் காட்சியே அல்ல. செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் மடம் கொண்டிருக்கும் தமிழ்ச் சமணர்களின் சமையலும் அப்படித்தான். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்க வேண்டும் என்ற நெறி, அந்த அடுப்பின் நாளையே வேறாக வகுக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் நெற்களஞ்சியங்கள்கூட நேரத்தைப் பற்றியவைதான். 1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகையை நினைத்தால், தானியத்தைக் கெடாமல் வைத்திருப்பதும் சமையல் அறிவின் ஒரு பகுதி என்பது விளங்கும்.

போட்டி நிகழ்ச்சிகள்தானே இளைஞர்களை, குறிப்பாக ஆண்களை, சமையலறைப் பக்கம் திருப்பின என்று கேட்கலாம். உண்மைதான், சிரித்துக்கொண்டே கற்பதில் எந்த இழுக்கும் இல்லை. பழைய மேடைப் பாடங்களைப் பொற்காலமாக்குவதும் சரியல்ல. அவை பெரும்பாலும் நகரத்து நடுத்தர வீட்டின் எரிவாயு அடுப்பை மனத்தில் வைத்துச் சமைத்தவை. விறகடுப்பையும் வயல்வெளியையும் முழு ஆட்டையும் திரைக்குக் கொண்டுவந்தவை யூடியூப் சேனல்கள்தான். வலுவான மறுப்பு வேறொன்று: மெதுவான நிகழ்ச்சியைப் பார்வையாளர் தாண்டிப் போய்விடுவார் என்பது. அதற்கு விடை அந்தச் சின்னவீரமங்கலத்திலேயே இருக்கிறது. அம்மியில் மசாலா அரைபடுவதையும் கறி மெல்ல வதங்குவதையும் கோடிப் பேர் பொறுமையாகப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்பது நாம் சோதித்துப் பார்க்காமலே நம்பிக்கொண்டது. அந்த வீடியோக்களில் நமக்குக் குறையாகப் படுவது வேகமல்ல. நூறு பேருக்கான அளவை நான்கு பேர் வீட்டுக்குச் சுருக்கும் கணக்கும், இப்படிச் செய்வது ஏன் என்ற விளக்கமும்தான் அங்கே இல்லை.

செலவு கூடும் என்பார்கள். இரண்டு இரவுக்குப் படப்பிடிப்புக் குழு முழுவதும் விழித்திருக்கத் தேவையில்லை. முக்காலியில் நிறுத்திய ஒரு கைப்பேசி, மாவு கரைத்த சட்டியை விடியும்வரை பதிவுசெய்துவிடும். கரைத்த நேரம், அறையின் வெப்பம், முதல் குமிழி எழுந்த நேரம் ஆகிய மூன்றையும் திரையின் ஓரத்தில் எழுதிக் காட்டலாம். ஆடி வெயிலில் ஒரே இரவில் ஏறும் புளிப்பு மார்கழிக் குளிரில் ஏன் தாமதமாகிறது என்பதை, கிளறும் கையை நிறுத்தாமலே ஒரு மூதாட்டி அந்தச் சட்டிக்கு அருகிலிருந்து சொல்லட்டும்.