சுங்கச்சாவடிக்கு உள்ள விதி பால்வாடிக்கு ஏன் இல்லை?

என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். சென்னை வானகரம் சுங்கச்சாவடியைத் தாண்டாமல் அவருக்கு ஒரு நாளும் விடிவதில்லை. ஏப்ரல் 1 பிறந்தால் அங்கே கட்டணம் ஏறும். அதற்காக யாரும் மனு கொடுப்பதில்லை, கொடி பிடிப்பதில்லை. 2008-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஆண்டுக்கு 3 சதவீதம் தானாக ஏறும், மொத்த விலைக் குறியீடு எவ்வளவு ஏறியதோ அதில் 40 சதவீதம் அதோடு சேரும். விலைவாசி என்று ஒன்று இருப்பது அரசுக்கு நன்றாகவே தெரியும்.

என் அம்மா பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். 'அங்கன்வாடி உதவியாளர்' என்பது காகிதத்தில் இருந்த பெயர். பிள்ளைகளுக்கு எப்போதும் ஆயாம்மாதான். என் நான்கு வயது மகள் இப்போது வேறொரு மையத்துக்குப் போகிறாள். அவளை அங்கே விட்டுவிட்டுத்தான் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்கு பஸ் ஏறுகிறேன். அதனால் அங்கன்வாடி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் எனக்கும் ஒரு நாள் கூலி போகிறது. கூட வேலை செய்கிறவர்கள், "பிள்ளைகள் சோற்றை நிறுத்திவிட்டா போராடுவது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அங்கன்வாடி ஊழியர்கள் போராடுவதற்குக் காரணம் நிதி வெட்டு. அது இரண்டு விதமாக வரும். ஒன்று எல்லார் கண்ணுக்கும் தெரியும். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய, பால்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு, 2014-15 மத்திய பட்ஜெட்டில் 18,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு அது 8,000 கோடி சொச்சமாக இறங்கியது. வரியில் மாநிலங்களின் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்திவிட்டோம், மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அங்கன்வாடி ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள். பணம் போதவில்லை என்று அந்தத் துறையின் அமைச்சராக இருந்த மேனகா காந்தியே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு துணை மானியக் கோரிக்கைகள் மூலம் ஓரளவு பணம் திரும்பி வந்தது.

இன்னொரு வெட்டு சத்தமில்லாமல் நடக்கிறது. இந்தத் திட்டத்தை உள்ளடக்கிய 'சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0'-க்கு 2023-24-ல் 20,554 கோடி ரூபாய். 2025-26-ல் 21,960 கோடி. கூடியிருக்கிறதே என்பார்கள். மையத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் ஒரு நாள் ஊட்டச்சத்துக்கு 8 ரூபாய், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். அதை உயர்த்துவோம் என்று 2025-26 பட்ஜெட் உரையில்தான் சொன்னார்கள். வானகரம் சிக்னலில் 8 ரூபாய்க்கு ஒரு டீ கிடைக்காது. அங்கன்வாடிப் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று மத்திய அரசு மதிப்பூதியத்தை உயர்த்தியது 2018 அக்டோபரில். அதுவும் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை ஏப்ரல் 1 வந்து போயிற்று?

நம் தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் மேல். அதை மறைக்கக் கூடாது. இங்கே சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது, முட்டை இருக்கிறது, மாநில அரசு தன் கையிலிருந்து போடுகிறது. ஆனால் அம்மா ஓய்வு பெற்றபோது கிடைத்த சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். அதற்கு அகவிலைப்படி இருக்கவில்லை.

குறையும் பணத்தை யார் கட்டுகிறார்கள்? எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அண்ணாச்சி கடைக் கடன் நோட்டு. அதில் எங்கள் வீட்டு அரிசி, பருப்போடு பால்வாடிக்கு வாங்கிய தக்காளி, கருவேப்பிலை, கடுகு எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். சிலிண்டர் விலை ஏறிய மாதங்களில் மேலே போட வேண்டிய காசைப் பால்வாடி டீச்சரும் அம்மாவும் பாதிப் பாதி போட்டார்கள். ஏம்மா, உனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டால், "பிள்ளைங்க தட்டை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கும்போது கணக்குப் பாக்க முடியுமாடி?" என்பார். சிலிண்டருக்கு முழுத் தொகை கொடுங்கள் என்பது அங்கன்வாடி ஊழியர் சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. கேட்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அந்த நோட்டைப் பார்த்த எனக்கு அப்படித் தெரியவில்லை.

வேலை மட்டும் குறையவில்லை. 2021-ல் போஷன் டிராக்கர் செயலி வந்தது. 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். சிக்னல் இல்லை, படம் ஏறவில்லை என்றால் திட்டு வாங்குவது டீச்சர்தான்.

அங்கன்வாடி ஊழியர்கள் பணிக்கொடைச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25-ல் தீர்ப்பளித்தது. ஆனாலும் தெருவுக்கு வந்தால்தான் பேச்சுவார்த்தை. ஆந்திராவில் 2023 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் 42 நாள் நடந்தது. அங்கே அரசு மையங்களின் பூட்டை உடைத்தது, எஸ்மா சட்டத்தை ஏவியது. அத்தியாவசியப் பணி என்று சொல்லித்தான் அந்தச் சட்டத்தைப் போடுகிறார்கள். சம்பளம் என்று கேட்டால் மட்டும், இது தொண்டு, கிடைப்பது மதிப்பூதியம் என்கிறார்கள். இரண்டில் எது என்று அரசு ஒரு பக்கம் நிற்கட்டும்.

வேலைநிறுத்த நாளில் எனக்குப் போகும் கூலி எனக்குப் பெரிய பணம்தான். ஆனால் அந்த ஒரு நாளில் நான் இழப்பதை, என் அம்மா போன்றவர்கள் கடன் நோட்டில் எழுதி எழுதி வருடம் முழுக்க இழக்கிறார்கள்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. சுங்கச்சாவடிக்கு எழுதிய விதியைப் பால்வாடிக்கும் எழுதுங்கள். குழந்தையின் 8 ரூபாயும், பணியாளரின் 4,500 ரூபாயும், ஓய்வு பெற்ற ஆயாவின் ஓய்வூதியமும் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று விலைவாசியோடு சேர்ந்து ஏறட்டும்.